யாரும் அடிக்காத ரத்தக்கட்டு

ஜெயசெல்வியை அடித்தது யார் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவள் புருஷன் எஸ்றாதான். "அவிய அடிக்கல" என்று அவள் சொல்லும்போதெல்லாம் கேட்டவர்கள் ஒரே மாதிரி தலையை ஆட்டினார்கள். புருஷனை விட்டுக்கொடுக்காத பிள்ளை என்று பாராட்டினார்கள். பொய் சொல்லுகிறாள் என்று யாராவது முகத்துக்கு நேரே திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. அந்தப் பாராட்டைத்தான் தாங்க முடியவில்லை.

அது 1978. எஸ்றாவுக்குத் தூத்துக்குடி புதுத் துறைமுகத்தில் டாலி கிளார்க் வேலை. கப்பலில் ஏறுகிற மூட்டையையும் இறங்குகிற மூட்டையையும் எண்ணிக் குறிக்க வேண்டும். கிரேன் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி அவன் தொண்டை அப்படியே பழகிவிட்டது. ஜெபம் பண்ணினாலும் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். திரேஸ்புரம் போகிற சாலையில் ஒரு சந்துக்குள் அவர்கள் குடியிருந்தார்கள். நடுச்சுவர் ஒன்றுதான், அதற்கு அந்தப் பக்கம் ஞானபாய் என்ற விதவை தையல் மிஷின் வைத்துப் பிழைத்துவந்தாள். எஸ்றா வீட்டில் பேசுவது முழுக்க அவளுக்குக் கேட்டது. பேசியதில் பாதி, குழம்பில் உப்பு கூடிப்போனதைப் பற்றித்தான்.

"ஏளா, இது கொழம்பா, இல்ல உப்பளத்துத் தண்ணியா?" என்று அவன் தட்டைத் தள்ளுவான்.

ஜெயசெல்வி அதே குழம்பை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள். ஒன்றும் தெரியாது. உப்பு இல்லை, புளிப்பு இல்லை, மீன் வாசம்கூட இல்லை. வேண்டுமென்றே குற்றம் கண்டுபிடிக்கிறான் என்று நினைத்து அவளும் பதிலுக்குக் கத்துவாள். அதுவும் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

அந்த வருஷம் கோடை தொடங்கியதிலிருந்து அவள் உடம்பில் நீலம் நீலமாக ரத்தம் கட்ட ஆரம்பித்தது. குடத்தை இடுப்பில் வைத்தால் இடுப்பில் கட்டியது. கதவில் தோள் உரசினால் தோளில் கட்டியது. நீலம் கறுத்து, பச்சையாகி, மஞ்சளாகி மறைவதற்குள் இன்னொரு இடத்தில் புதிதாக வரும். மீன் அரியும்போது விரலில் பட்ட வெட்டு வாரக்கணக்கில் மூடாமல் வாயைத் திறந்துகொண்டே இருந்தது. தலைமுடி சீப்போடு வந்தது. பலவீனம் என்று நினைத்துக்கொண்டாள். முதல் பிள்ளை கலைந்ததிலிருந்து அவளுக்கு உடம்பே தேறவில்லை.

தெருக் குழாயடியில் அவள் கைகளைப் பார்த்த ஞானபாய், அந்த நீலத்தையும் சுவர் வழியே கேட்ட சத்தத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டாள். கெட்ட மனசு உள்ளவள் இல்லை. இந்தப் பிள்ளையை அவன் கொன்றுவிடுவானோ என்று உண்மையிலேயே பயந்தாள். சாத்தான்குளத்துக்குப் போகிற ஒருவரிடம் ஜெயசெல்வியின் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள்.

அண்ணன் சுந்தர்சிங் அங்கே உயர்நிலைப்பள்ளி ஆசிரியர். அப்பா இறந்த பிறகு தங்கையைப் படிக்கவைத்து, நகை போட்டுக் கட்டிக்கொடுத்தவர். வகுப்பில் கேள்வி கேட்கும்போதே பதிலைக் கையில் வைத்திருக்கிறவர். தங்கை வீட்டுக்கு வந்தும் அப்படித்தான் கேட்டார்.

"கையை நீட்டு. இது என்ன?"

"தெரியலண்ணே. தானா வருது."

"தானா வருமா? உன் புருஷன் அடிச்சானா இல்லையா?"

"இல்ல. அவிய கை நீட்டுனதே கெடையாது. வாய்தான் பெருசு."

அவரும் அதே மாதிரி தலையை ஆட்டினார். எஸ்றா வேலையிலிருந்து திரும்பியதும் இருவருக்கும் பேச்சு முற்றியது. செய்யாத குற்றத்தைச் சொன்னதும் எஸ்றா வீடு அதிரக் கத்தினான். அவன் கத்தக் கத்த சுந்தர்சிங்குக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. இவ்வளவு கோபக்காரன் அடிக்காமல் இருப்பானா என்று வாசலில் கூடியவர்களும் நினைத்தார்கள்.

அடுத்த நாள் அண்ணன் அவளை ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனார். அந்த டாக்டர் அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்கவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் தலைக்கு மேலாக அண்ணனைப் பார்த்து, இந்த மாதிரிப் பெண்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்றார். தடவ ஒரு களிம்பும் ஏதோ சத்து மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அந்தக் களிம்பு டப்பாவைத் திரும்பி வரும் வழியில் ஜெயசெல்வி சாக்கடையில் எறிந்தாள்.

சுந்தர்சிங் போலீஸில் புகார் கொடுத்தார். துறைமுக வாசலில் ஷிப்ட் மாறுகிற நேரத்தில், சுமை தூக்குகிறவர்கள், லாரிக்காரர்கள், கூட வேலை செய்கிற கிளார்க்குகள் எல்லாரும் பார்க்க எஸ்றாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனில் ஏட்டு கேள்வி கேட்பதற்கு முன்பே கன்னத்தில் அறைந்தார். பிறகு கேட்டார். பிறகு மறுபடியும் அறைந்தார். பெண்டாட்டியை இனி அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு சாயங்காலம் விட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகரான சபை ஐயர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, காரியம் சரியாகும்வரை திருவிருந்தில் சேர்ந்து அப்பமும் ரசமும் வாங்க வேண்டாம் என்று சாந்தமாகச் சொன்னார்.

அண்ணன் தன்னோடு வரச் சொன்னபோது ஜெயசெல்வி முடியாது என்று மறுத்தாள். போகச் சொன்னது எஸ்றாதான்.

"போயிரு. இங்கன இருந்தா ஒடம்புல இன்னொரு எடம் கன்னிப்போவும். நான் இன்னொரு தடவ ஸ்டேஷன்ல போய் நிக்கணும்."

அவன் தாழ்ந்த குரலில் பேசி அன்றுதான் அவள் கேட்டாள். உதடு வீங்கியிருந்ததால் அதற்கு மேல் குரல் எழவில்லை. அவள் துணிமணிகளை எடுத்துக்கொண்டு அண்ணனோடு பஸ் ஏறினாள்.

சாத்தான்குளத்தில் மதினி கிருபை அவளை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். முட்டை அவித்துக் கொடுத்தாள், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். தலை தேய்க்கும்போதெல்லாம், அவன் இன்னும் என்னென்ன செய்தான் என்று மெல்லக் கேட்டாள். ஒன்றும் செய்யவில்லை என்றால், பாவம் என்று பெருமூச்சு விட்டாள்.

அங்கே போய் ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் காலையில் முழங்கைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் புதிதாக ரத்தம் கட்டியிருப்பதை ஜெயசெல்வி பார்த்தாள். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷமே வந்தது. முன்னறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த அண்ணன் முன்னால் போய் நின்று கையை நீட்டினாள்.

"அண்ணே, இத பாரு. புதுசு. இது யாரு அடிச்சது? இந்த வீட்ல நீயும் மதினியும்தான் இருக்கீங்க."

கிருபை அடுப்படியிலிருந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுந்தர்சிங் கண்ணாடியைக் கழற்றினார். பார்த்தார். இப்போது சொல்லிவிடுவார், தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொல்லிவிடுவார் என்று ஜெயசெல்வி காத்திருந்தாள்.

"நீயே கிள்ளிக்கிட்டியா?" என்று கேட்டார். "அவனக் காப்பாத்தவா?"

அன்று முதல் அவள் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினாள்.

பல்வலி அதற்குப் பிறகு வந்தது. கடைவாய்ப்பல் சொத்தை. பிடுங்கிய பல்வைத்தியர் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார். பஞ்சு நனைந்தது. மாற்றினார்கள், அதுவும் நனைந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் நிற்கவில்லை. பீறிட்டு வரவில்லை, ஊறிக்கொண்டே இருந்தது. மறுநாள் காலை தலையணை உறையைப் பார்த்து கிருபை அழத் தொடங்கிவிட்டாள். சுந்தர்சிங் வாடகைக் கார் பிடித்துத் தங்கையைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து, தர்ம ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தார்.

அங்கே இருந்த டாக்டர் நஃபீசா காயல்பட்டினத்துக்காரர். வயது முப்பதுக்கு மேல் இருக்காது. முதலில் பல் இருந்த குழியை அடைத்துத் தையல் போட்டார். ரத்தம் ஒருவழியாக அடங்கியது. அதன் பிறகு ரவிக்கைக் கையை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கண்டதும் ஜெயசெல்விக்கு எங்கிருந்தோ பலம் வந்தது. வாயில் பஞ்சோடு குழறிச் சொன்னாள்.

"யாரும் அடிக்கல. நம்பாட்டிப் போங்க."

"நம்புறேன்," என்றார் டாக்டர். "அப்ப எதனால கன்னுதுன்னு பாக்கணும்ல."

ஜெயசெல்வி அவரையே பார்த்தாள். சண்டைக்கு வரிந்துகட்டி நின்றவளுக்கு எதிராளி இல்லாமல் போய்விட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ரத்தச் சோதனைகள் செய்தார்கள். கண்ணாடிக் குழாயில் எடுத்த ரத்தம் உறைய வேண்டிய நேரத்தில் உறைந்தது. ரத்தத்தில் இருக்க வேண்டிய பிளேட்லெட் எண்ணிக்கையும் சரி. ஆனால் காது மடலில் ஊசியால் குத்தி, ஊறும் துளியை ஒற்றுத்தாளில் ஒற்றி ஒற்றி எடுத்தபோது, ரத்தம் நிற்க நிற்கச் சின்னதாக வேண்டிய புள்ளிகள் சின்னதாக ஆகவே இல்லை. தாளின் ஓரம்வரை போய் இரண்டாவது வரிசை பிடித்தன. டாக்டர் மறுநாள் தன் கையாலேயே இன்னொரு முறை செய்து பார்த்தார். அப்படியேதான்.

பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டார். விரல் வெட்டு எப்போது பட்டது, முடி எப்போதிருந்து கொட்டுகிறது, பசிக்கிறதா, சாப்பாடு ருசிக்கிறதா. நாக்கில் எதுவும் தெரியவில்லை என்று ஜெயசெல்வி சொன்னதும் டாக்டர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். சுந்தர்சிங்கை வெளியே இருக்கச் சொன்னார்.

"சோறு கொழம்பு தவிர வேற என்ன சாப்பிடுவீங்க? சாம்பல்? செங்கல்? மண்ணு?"

ஜெயசெல்வியின் முகம் கறுத்தது. ஆமாம் என்று தலையை அசைத்தாள். பிள்ளை வயிற்றில் இருந்தபோது தொடங்கியது அது. அடுப்பின் பின்பக்கத்தில் வெந்த மண்ணை நகத்தால் பெயர்த்து வாயில் போட்டுக்கொள்வாள். பிள்ளை கலைந்த பிறகும் அந்த ஆசை போகவில்லை. கூடியது. சாத்தான்குளத்திலும் மதினியின் அடுப்பிலிருந்து எடுத்துச் சேலை முந்தியில் முடிந்துவைத்திருந்தாள். இத்தனை பெரிய பெண், நாலு எழுத்து படித்தவள், மண் தின்கிறாள் என்று யாரிடம் சொல்வது?

டாக்டர் நஃபீசா திட்டவில்லை. பாரசீக தேசத்தில் இப்படி மண் தின்றவர்களைப் பற்றித் தான் படித்ததாகச் சொன்னார். தின்ற மண் வயிற்றுக்குள் இருந்துகொண்டு, சாப்பாட்டில் இருக்கும் சத்துகளை உடம்பில் ஒட்டவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதில் ஒன்று துத்தநாகம். வாளிக்குப் பூசுகிற அதே துத்தநாகம்தான். கடுகளவுக்கும் கடுகளவு உடம்புக்கு வேண்டும். அது குறைந்தால் புண் ஆறாது, முடி கொட்டும், நாக்கு மரத்துப்போகும்.

வராந்தாவில் அண்ணனுக்கும் அவரே விளக்கினார். கட்டிலில் கிடந்த ஜெயசெல்விக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"சார், உங்க கிளாஸ்ல பிள்ளைங்க எல்லாரும் வந்திருக்காங்க, வருகைப்பதிவு சரியா இருக்குன்னு வச்சுக்குங்க. மணி அடிச்சும் ஒருத்தரும் எந்திரிச்சு வரிசையில நிக்கலன்னா? இவங்க ரத்தத்துல பிளேட்லெட் அப்படி இருக்கு. எண்ணிக்கை குறையல. ரத்தக்குழாய் லேசா கிழிஞ்சா ஓடி வந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அடைக்கணும். ஒட்ட மாட்டேங்குது. அதுக்கும் துத்தநாகம் வேணும்னு நான் சந்தேகப்படுறேன். நான் படிச்ச புஸ்தகத்துல அப்படி இல்ல. கொடுத்துப் பாத்தாத்தான் தெரியும். ஆனா ஒண்ணு மட்டும் நிச்சயம். இது அடிபட்டு வந்ததில்ல."

"அப்படிங்களா டாக்டர்," என்றார் சுந்தர்சிங் மரியாதையாக. "எங்களுக்குத் தெரியாமப் போச்சே."

அவ்வளவுதான். ஒரு எதிர்க்கேள்வி இல்லை. டாக்டரே சந்தேகம் என்று சொன்னதைக்கூட அவர் சந்தேகப்படவில்லை. இத்தனை மாதமாகத் தங்கை தொண்டை வறளச் சொன்னதை, முன்பின் தெரியாத ஒருவர் சொன்னதும் அந்த இடத்திலேயே நம்பிவிட்டார். ஜெயசெல்வி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். உள்ளே வந்த அண்ணன் தலையைத் தடவ வந்தபோது கையைத் தட்டிவிட்டாள்.

மருந்து கலக்குகிற மரியானுக்கு டாக்டர் எழுதியதைப் பார்த்துக் குழப்பம். ஜிங்க் சல்பேட் அவர் அறிந்தவரை கண்ணுக்கு விடுகிற மருந்து. அதைக் குடிக்கக் கொடுப்பதா என்று இரண்டு முறை வந்து கேட்டுவிட்டுத்தான் கலக்கினார். ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரையும் தேவைதான். ஆனால் அதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுவதாக டாக்டர் அவளிடமே சொன்னார். இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. சம்மதமா என்று கேட்டார். தன்னை ஒருவர் சம்மதம் கேட்டதே அவளுக்குப் புதிதாக இருந்தது. சரி என்றாள்.

முதல் நாள் அந்த மருந்தைப் பச்சைத் தண்ணீரைப் போலக் குடித்தாள். மண்ணை விடுவதுதான் பெரும் பாடாக இருந்தது. மழை பெய்து வாசலில் மண் மணம் எழுந்த ஒரு மத்தியானம், கட்டிலை விட்டு இறங்காமல் இருக்கப் போர்வையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். சில வாரங்கள் போயின. ஒருநாள் மருந்தை வாயில் விட்டவள் முகத்தைச் சுளித்து, என்ன இது, துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி இருக்கிறது என்றாள். டாக்டர் நஃபீசா உரக்கச் சிரித்துவிட்டார். விரல் வெட்டு மூடத் தொடங்கியது. உடம்பில் பழைய நீலங்கள் மறைந்தன, புதிதாக வரவில்லை. காதில் குத்திப் பார்த்தபோது ஒற்றுத்தாளில் புள்ளிகள் சின்னதாகிச் சின்னதாகி வரிசையின் பாதியிலேயே நின்றுபோயின.

அதற்குப் பிறகுதான் எஸ்றாவுக்குச் சொல்லி அனுப்பினாள். உடம்பு தேறுகிறதா என்று தெரியாமல் அவனை மறுபடி ஒரு கூட்டத்தின் முன்னால் நிறுத்த அவளுக்கு மனமில்லை. அவன் வந்தான். வார்டு வாசலிலேயே நின்றான். டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டான். அவள் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

வீட்டுக்குள் வந்து பையை வைத்ததும், எங்கேயிருந்து எடுத்தாய் என்று கேட்டான். அவள் அடுப்பின் பின்பக்கத்தைக் காட்டினாள். அங்கே நகம் தோண்டிய குழிகள் வரிசையாக இருந்தன. எஸ்றா குனிந்து பார்த்தான். நிமிர்ந்தவன் அந்த அடுப்பை எட்டி உதைத்தான். மறுபடி உதைத்தான். அது பிளந்து கட்டி கட்டியாக விழுந்து, சாம்பல் எழும்பும்வரை உதைத்தான். கால் பெருவிரல் கிழிந்து ரத்தம் தரையில் சொட்டியது.

அவள் அவனை உட்காரவைத்து விரலை அழுத்திப் பிடித்தாள். இன்னொரு கையால் பழைய வேட்டியைப் பல்லில் கவ்விக் கிழித்தாள். கட்டுப்போட நினைத்துக் கையை எடுத்தபோது ரத்தம் ஏற்கெனவே நின்றிருந்தது. எவ்வளவு சுலபமாக நின்றுவிட்டது என்று அவளுக்கு அதன்மேல்கூட ஆத்திரமாக வந்தது.

"ஸ்டேஷன்ல அந்த ஏட்டு அறையும்போது நான் என்ன நெனச்சேன் தெரியுமா?" என்றான் எஸ்றா. "எல்லாரும் சொல்லுதாங்களே, ஒருவேளை தூக்கத்துல நானே அடிச்சிருப்பேனோன்னு நெனச்சேன். மண்ணுன்னு ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருக்கலாம்," என்றாள். "வெக்கமா இருந்துச்சு."

அவன் அழுதான். அதுவும் சத்தமாகத்தான். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் நின்றது. ஜெயசெல்வி எழுந்து போய் ஞானபாய் வீட்டு வாசலில் நின்று, அடுப்பு உடைந்துவிட்டது, அவியதான் உடைத்தார்கள், என்மேல் ஒரு காயமும் இல்லை, வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். ஞானபாய் வரவில்லை. அன்று ராச்சாப்பாட்டுக்கு மட்டும் சோறும் குழம்பும் கொடுத்துவிட்டாள். மறுவாரம் எஸ்றா மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்று வாங்கிவந்தான்.

சபை ஐயர் எஸ்றாவைக் கூப்பிட்டு, கர்த்தர் உண்மையை விளங்கப்பண்ணினார் என்றும் இனித் திருவிருந்துக்கு வரலாம் என்றும் சொன்னார். தன்மேல் பிசகு எதுவும் இருந்ததாக ஐயருக்குத் தோன்றவில்லை. எஸ்றா போனான். ஜெயசெல்வி அந்த ஞாயிற்றுக்கிழமை போகவில்லை, அடுத்ததற்கும் போகவில்லை.

கிறிஸ்மஸுக்கு முன்னால் சுந்தர்சிங் பழமும் பலகாரமும் வாங்கிக்கொண்டு வந்தார். அவள் இலை போட்டுப் பரிமாறினாள். குழம்பு நன்றாக இருக்கிறது என்றார். புகாரை வாபஸ் வாங்கிவிட்டதாகச் சொன்னார். நல்லதை நினைத்துத்தானே செய்தேன் என்றார். அவள் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவருக்குக் குரல் ஏறியது.

"நீ மண்ணு திங்குதத அன்னைக்கே சொல்லியிருந்தா இவ்வளவும் வந்திருக்குமா?"

"மண்ணப் பத்தி நீ கேக்கலயே. அடிச்சானான்னு கேட்ட. இல்லன்னு சொன்னேன். பொய் சொல்லல."

சுந்தர்சிங் சோற்றைப் பிசைந்தார்.

"துறைமுக வாசல்ல வச்சு அவியள ஜீப்ல ஏத்துனாங்க," என்றாள் அவள். "அதே வாசல்ல போயி நின்னு சொல்லு. அதுக்கப்புறம் பலகாரம் கொண்டா."

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். வர மாட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் மறுநாள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த எஸ்றா, மச்சான் துறைமுக வாசலுக்கு வந்திருந்தார் என்றான். வெள்ளைச் சட்டையும் குடையுமாக நின்று, வெளியே வந்த ஆட்களைக் கையமர்த்திப் பேசினாராம். பாதிப் பேர் யார் இந்த ஆள் என்று தெரியாமலே டீக்கடைப் பக்கம் போய்விட்டார்களாம். எஸ்றாவுக்குக் கூச்சமாகிப்போய், போதும் மச்சான் என்று சொல்லி அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தானாம்.

ஜெயசெல்வி ஸ்டவ்வை அணைத்துவிட்டு அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னான்? அவன் சொன்னத அப்படியே சொல்லுங்க."

"என் தங்கச்சி மாப்பிள்ளை மேல ஒரு குத்தமும் இல்ல, அது ஒரு நோயி, நான் தப்பா நெனச்சுட்டேன்னாரு."

"என் தங்கச்சி சொன்னா, நான் நம்பலன்னு சொன்னானா?"

எஸ்றா யோசித்துப் பார்த்தான்.

"அது சொல்லல."

"அப்ப பாதிதான் சொல்லியிருக்கான்," என்றாள் ஜெயசெல்வி. எழுந்து அவனுக்குச் சோறு போட்டாள். அந்தக் கிறிஸ்மஸுக்கு அவர்கள் சாத்தான்குளம் போகவில்லை.